பணியில் இருக்கும்போதே ஆசிரியர் இறந்துவிட்டால்: குடும்பத்தார் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

தர்மபுரி மாவட்டத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்த்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். சங்கத்தில் சில காலம் பொறுப்பில் இருந்தேன். அதனால் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், பதினாறாம் நாள் முடிந்த கையோடு ஒரு மஞ்சப்பை நிறையக் காகிதத்துடன் என் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். பென்னாகரத்திலிருந்தும் வருவார்கள், ஊத்தங்கரையிலிருந்தும் வருவார்கள். ஆள்தான் வேறு, கேள்வி ஒன்றேதான். அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி, நிதியுதவிப் பள்ளி ஆசிரியர்களுக்கு மட்டுமே இந்தப் பதில்கள். சுயநிதிப் பள்ளிக்கும் கேந்திரிய வித்யாலயாவுக்கும் வழி வேறு.

சார், அவர் ரிடையர்டே ஆகலையே. அப்புறம் எப்படிப் பென்ஷன் வரும்?

ஓய்வூதியம் வேறு, குடும்ப ஓய்வூதியம் வேறு. ஓய்வூதியம் அவர் உழைத்து முடித்ததற்கு அவருக்கு வருவது. குடும்ப ஓய்வூதியம் அவர் இல்லாததால் உங்களுக்கு வருவது. 1978-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளில் 49-ஆவது விதி இதற்கென்றே இருக்கிறது. அவர் ஓய்வு பெற்றிருக்க வேண்டும் என்று அதில் நிபந்தனை இல்லை.

இறந்த நாளுக்கும் அவருக்குச் சம்பளம் உண்டு. மறுநாளிலிருந்து குடும்ப ஓய்வூதியம் தொடங்கும். காகிதம் நகர ஆறு மாதம் ஆனாலும் கணக்கு அந்த மறுநாளிலிருந்துதான்.

எங்க போனாலும் "எப்போ வேலைக்குச் சேர்ந்தார்"னுதான் முதல்ல கேக்கறாங்க. அதுல அப்படி என்ன இருக்கு?

எல்லாம் அதில்தான் இருக்கிறது. 1.4.2003-க்கு முன் முறையான பணியில் சேர்ந்திருந்தால் பழைய ஓய்வூதியத் திட்டம். அன்றோ அதன் பிறகோ சேர்ந்திருந்தால் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம், எல்லோரும் சி.பி.எஸ். என்று சொல்வது. பழைய திட்டத்தில் குடும்ப ஓய்வூதியமும் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி, மொத்தமாக வரும் தொகை) உண்டு. சி.பி.எஸ்.காரர்களுக்கு என்ன என்பதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

சம்பளப் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிடித்தத்தில் பொது வருங்கால வைப்பு நிதி இருந்தால் பழைய திட்டம். சி.பி.எஸ். எண்ணும் பத்து சதவீதப் பிடித்தமும் இருந்தால் புதியது.

22 வருஷம்தான் சர்வீஸ். 30 வருஷம் முடிக்கலைன்னா குறைச்சுத்தானே குடுப்பாங்க?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். பயப்படவே வேண்டாம். 30 ஆண்டு என்பது உயிரோடு ஓய்வு பெறுபவர் முழு ஓய்வூதியம் வாங்குவதற்கான கணக்கு. பத்து ஆண்டு முடித்தால் ஓய்வூதியம், முப்பது முடித்தால் முழுசு. குடும்ப ஓய்வூதியத்துக்கு இந்த ஏணி கிடையாது. அது கடைசி அடிப்படை ஊதியத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது, ஆண்டுகளை வைத்து அல்ல.

அதில் சேவைக் காலம் எட்டிப் பார்ப்பது இரண்டே இடத்தில். ஓராண்டுத் தொடர் பணி இருந்தால் குடும்ப ஓய்வூதியம். ஏழாண்டுத் தொடர் பணி இருந்தால் முதல் சில ஆண்டுகளுக்குக் கூடுதல் விகிதம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: பழைய திட்டத்தில் இருப்பவர் 2003 மார்ச்சுக்குள் சேர்ந்தவர். இன்றைக்கு அவர் இறந்தால் இருபது ஆண்டுக்கு மேல் சேவை இருக்கும். ஆக ஓராண்டு, ஏழாண்டு பற்றிய கவலையெல்லாம் பழைய காலத்து இறப்புகளுக்கு மட்டும்.

சரி, மாசம் எவ்வளவு வரும்? ஒரு கணக்குப் போட்டுச் சொல்லுங்க.

கடைசி அடிப்படை ஊதியம் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண விகிதம் 30 சதவீதம், அதாவது 15,000. கூடுதல் விகிதம் 50 சதவீதம், அதாவது 25,000. இரண்டுக்கும் மேலே அகவிலைப்படி தனியாகச் சேரும்.

கூடுதல் விகிதம் இறந்த நாளுக்கு மறுநாளிலிருந்து ஏழு ஆண்டு, அல்லது அவர் இருந்திருந்தால் 65 வயது நிறையும் நாள், இதில் எது முந்தியதோ அதுவரை. 52 வயதில் இறந்தால் ஏழு ஆண்டும் கிடைக்கும். 59 முடிந்த அன்று இறந்தால் ஆறு ஆண்டுதான். அதன் பிறகு 30 சதவீதத்துக்கு இறங்கிவிடும். "திடீர்னு பென்ஷனைக் குறைச்சுட்டாங்க" என்று எட்டாவது ஆண்டில் ஓடி வருபவர்கள் உண்டு. யாரும் குறைக்கவில்லை. ஓய்வூதியக் கொடுப்பாணையில் அந்தத் தேதி முதல் நாளே எழுதியிருக்கும். வீட்டுச் செலவையும் பிள்ளை படிப்புக் கடனையும் அந்தத் தேதியை மனதில் வைத்துப் போடுங்கள்.

மாசா மாசம் வர்றது தவிர மொத்தமா என்னென்ன வரும்?

பழைய திட்டம் என்றால் இறப்புப் பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதியில் உள்ள இருப்பு, ஈட்டிய விடுப்புக்கான சம்பளம், சொந்த அலுவல் ஈட்டா விடுப்பில் பாதி, சிறப்பு சேமநல நிதி, குடும்பப் பாதுகாப்பு நிதி. ஈட்டிய விடுப்புக்கு உச்சம் 240 நாள். ஈட்டா விடுப்பு 180 நாள் இருந்தால் 90 நாள் சம்பளம்.

குடும்பப் பாதுகாப்பு நிதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாதம் 110 ரூபாய் பிடித்தார்களே, அதுதான். இறந்தால் 5 லட்சம். முன்பு 60 ரூபாய் பிடித்தம், 3 லட்சம் என்று இருந்தது. 2021 செப்டம்பரில் உயர்வை அறிவித்தார்கள். மற்ற தொகைகளோடு சேர்த்து வரும் என்று காத்திருக்காதீர்கள். இதற்கு விண்ணப்பம் தனி.

வைப்பு நிதியில் ஒன்றைப் பாருங்கள். ஆண்டுக் கணக்குச் சீட்டில் சில மாதங்களின் வரவு விட்டுப்போயிருக்கும், பெரும்பாலும் மாறுதலில் போன மாதங்கள். சந்தா பிடித்ததற்கான பட்டியல் எண்ணும் தேதியும் பழைய பள்ளியில் கிடைக்கும்.

பணிக்கொடைக்கு வருஷத்தை எப்படி எண்ணுவாங்க? எடுத்த லீவையெல்லாம் கழிப்பாங்களா?

சேவைக் காலம் உண்மையில் பணமாக மாறுவது இங்கேதான். இறப்புப் பணிக்கொடை ஓராண்டுக்குள் இறந்தால் 2 மாதச் சம்பளம், ஒன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் 6 மாதச் சம்பளம், அதற்கு மேல் 12. நீண்ட சேவை உள்ளவருக்கு, முடித்த ஒவ்வொரு அரையாண்டுக்கும் அரை மாதச் சம்பளம், 33 மடங்குக்கு மிகாமல். இங்கே சம்பளம் என்றால் அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்தது. மொத்தத் தொகைக்கும் உச்சவரம்பு உண்டு. 20 லட்சமாக இருந்தது, இப்போது 25 லட்சம்.

24 ஆண்டு 4 மாதச் சேவை, அடிப்படை 50,000, அகவிலைப்படி 50 சதவீதம் என்று வைத்தால் சம்பளம் 75,000. 24 ஆண்டுக்கு 48 அரையாண்டு. மிச்சம் நான்கு மாதம். மூன்று மாதமோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு அரையாண்டாக எடுத்துக்கொள்வார்கள். ஆக 49. அரை மாதச் சம்பளம் 37,500-ஐ 49-ஆல் பெருக்கினால் 18,37,500 ரூபாய்.

இப்போது விடுப்பு. தற்செயல் விடுப்பு, ஈட்டிய விடுப்பு, மருத்துவ விடுப்பு, மகப்பேறு விடுப்பு எதுவும் கழியாது. கழிவது சம்பளமில்லாத அசாதாரண விடுப்பு, அதுவும் மருத்துவச் சான்று இல்லாமல் எடுத்தது. மருத்துவச் சான்றின் பேரில் எடுத்திருந்தால் அதுவும் சேவையில் சேரும். குழப்பம் எங்கே வரும் என்றால், பணிப்பதிவேட்டில் "அ.வி. 41 நாள்" என்று ஒரு வரி மட்டும் இருக்கும். மருத்துவச் சான்று உண்டா இல்லையா என்று எழுதியிருக்காது. எழுதியவர் பத்து வருடத்துக்கு முன்பே வேறு ஒன்றியத்துக்குப் போயிருப்பார். ஒரு பதிவேட்டில் பார்த்தேன்: நீல மையில் விடுப்பு வரி, அதன் கீழே ஒப்பமிட வேண்டிய இடத்தில் முத்திரை மட்டும் குத்தி, கையெழுத்து இல்லை. அந்த ஒரு கையெழுத்துக்காகக் கோப்பு சென்னைக்கும் தர்மபுரிக்கும் இரண்டு முறை போய் வந்தது. இறந்தவருடைய மனைவி பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து டாக்டர் சீட்டைத் தேடி எடுத்த பிறகுதான் தீர்ந்தது.

இன்னொன்று. இந்தக் கழிவு பணிக்கொடையை மட்டும்தான் தொடும். குடும்ப ஓய்வூதியம் ஏன் குறையாது என்பதை மூன்றாவது கேள்வியிலேயே சொல்லிவிட்டேன். சம்பளமில்லா விடுப்பில் இருக்கும்போதே இறந்திருந்தாலும், விடுப்புக்கு முன் கடைசியாக வாங்கிய ஊதியத்தை வைத்துத்தான் கணக்கு. "லாஸ் ஆஃப் பேல செத்தார், அதனால ஒன்னும் வராது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆரம்பத்துல தொகுப்பூதியத்துல வேலை பார்த்தார். அந்த வருஷம் சேருமா?

1.4.2003-க்கு முன்பே காலமுறை ஊதியத்துக்கு, அதாவது முறையான சம்பள விகிதத்துக்கு, கொண்டுவரப்பட்டவர் என்றால், தொகுப்பூதியத்திலோ தினக்கூலியிலோ முழு நேரமாகப் பார்த்த காலத்தில் பாதி சேரும். அதற்கான பதிவு இருக்க வேண்டும்.

2004 வாக்கில் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்டு 1.6.2006 அன்று காலமுறை ஊதியத்துக்கு வந்தவர்கள் நம் பக்கம் நிறைய. மலைப்பள்ளிகளில் போய் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். அவர்கள் சி.பி.எஸ். அந்த இரண்டு ஆண்டைக் காட்டிப் பழைய திட்டத்துக்குள் வர முடியாது.

முதல்ல நிதியுதவிப் பள்ளி, அப்புறம் அரசுப் பள்ளி. போதாக்குறைக்கு நடுவுல மாவட்டமே ரெண்டா பிரிஞ்சுடுச்சு. ரெக்கார்டு எங்க தேடறது?

அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் அரசு மானியத்தில் சம்பளம் வாங்கியிருந்தால் நிதியுதவிப் பள்ளிக் காலம் சேரும். பார்க்க வேண்டியது எப்படி விலகினார் என்பதை. உரிய வழியில் விண்ணப்பித்து, அனுமதி பெற்று, விலகி வந்து சேர்ந்திருந்தால் தொடர்ச்சி உண்டு. கோபத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் கழித்து வேறு வேலையில் சேர்ந்திருந்தால் முந்தைய சேவை போய்விடும்.

மாவட்ட விஷயம்: கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 9.2.2004 அன்று. அதற்கு முன் ஓசூரும் ஊத்தங்கரையும் தர்மபுரிதான். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியில் 1990-களில் சேர்ந்தவருடைய நியமன ஆணையிலும் பணிவரன்முறை ஆணையிலும் தர்மபுரி முதன்மைக் கல்வி அலுவலக முத்திரைதான் இருக்கும். கிருஷ்ணகிரியில் நகல் இல்லை என்றால் தர்மபுரியில் கேளுங்கள். ஒன்றியப் பள்ளி ஆசிரியர்களுக்கு இந்த அலைச்சல் குறைவு. மாவட்டம் மாறினாலும் ஒன்றியம் மாறவில்லை, பதிவேடு அதே வட்டாரக் கல்வி அலுவலகத்து பீரோவில்தான் இருக்கும். பழைய ஆட்கள் அதை இன்னும் ஏ.இ.ஓ. ஆபீஸ் என்பார்கள்.

என் வீட்டுக்காரர் சி.பி.எஸ். எங்களுக்கு ஒன்னுமே கிடையாதா?

வெகு நாள் வரை நிலைமை வருத்தமானதுதான். அவர் கட்டிய பத்து சதவீதம், அரசு போட்ட அதே அளவு, இரண்டுக்கும் வட்டி, மொத்தமாக ஒரு தொகை. மாதாமாதம் எதுவும் இல்லை, பணிக்கொடையும் இல்லை. அந்தத் தொகைக்கான கருத்துரு (பணம் கேட்டு அலுவலகம் அனுப்பும் கோப்பு), சம்பளம் போடும் அலுவலர் வழியாக அரசுத் தகவல் தொகுப்பு மையத்துக்குப் போகும். விடுப்புச் சம்பளமும் குடும்பப் பாதுகாப்பு நிதி 5 லட்சமும் சி.பி.எஸ்.காரர்களுக்கும் உண்டு. அவற்றை விட்டுவிடாதீர்கள்.

2026 ஜனவரி 3 அன்று அரசு அறிவித்த தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் இந்த நிலையை மாற்றுவது. கடைசி அடிப்படை ஊதியத்தில் 50 சதவீதம் ஓய்வூதியம், அதில் 60 சதவீதம் குடும்ப ஓய்வூதியம், பணியில் இறந்தாலும் 25 லட்சம் வரை பணிக்கொடை என்பது அறிவிப்பு. பணம் வாங்கும் காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன், உங்கள் கோப்பு எந்தத் திட்டத்தின் கீழ் போகிறது என்று அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நான் இதை வாய் வார்த்தையில் விடமாட்டேன்.

2002-லயே செலக்‌ஷன் ஆயிட்டார். ஆர்டர் வந்து சேர்ந்தது 2003 ஜூன். பழைய திட்டம் கேக்கலாமா?

கேட்பவர்கள் மத்திய அரசின் 2023 மார்ச் ஆணையைக் காட்டுகிறார்கள். 22.12.2003-க்கு முன் அறிவிக்கை வெளியான பணியிடங்களுக்குப் பழைய திட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது அது. அது மத்திய அரசு ஊழியர்களுக்கு. நம் மாநிலத்தில் பார்ப்பது பணியில் சேர்ந்த நாளை.

என்னென்ன காகிதம், யார்கிட்ட குடுக்கணும்? அவர் பெங்களூரு ஆஸ்பத்திரியில இறந்தார். சர்ட்டிபிகேட்ல பாதி கன்னடத்துல இருக்கு.

ஒன்றியத் தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். உயர்நிலை, மேல்நிலை என்றால் தலைமையாசிரியர். தலைமையாசிரியரே இறந்திருந்தால் அவருக்கு மேலே உள்ள கல்வி அலுவலர். அவர்கள் கருத்துரு தயாரித்துச் சென்னையில் மாநிலக் கணக்காயருக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து கொடுப்பாணை வரும். பிறகு உங்கள் கருவூலத்தில் நேர்காணல், அதாவது நீங்கள் நேரில் போய் ஆளைக் காட்டுவது. இதற்கு நாளானால் தற்காலிகக் குடும்ப ஓய்வூதியம் கேட்டு எழுதிக் கொடுங்கள். கேட்டால்தான் நடக்கும்.

இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, குடும்பப் புகைப்படம், ஆதார், வங்கிப் புத்தகம், அங்க அடையாளச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று. வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் பதிந்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரித்து வட்டாட்சியர் கொடுப்பார்.

இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் பெரிய வியாதி என்றால் பெங்களூருக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம், அதனால் கர்நாடகச் சான்று வருவது சகஜம். அது செல்லும். உள்ளூரில் இன்னொரு சான்று வாங்க முயலாதீர்கள், அது தவறு. பார்க்க வேண்டியது பெயரைத்தான். தளி, கெலமங்கலம் பக்கத்துக் குடும்பங்களில் ஆதாரில் லக்ஷ்மம்மா, பணிப்பதிவேட்டில் லட்சுமியம்மாள், வங்கியில் லட்சுமி என்று மூன்று பேர் இருப்பார்கள். ஆள் ஒருவர்தான். மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு சான்றை வட்டாட்சியரிடம் வாங்கி முதலிலேயே இணைத்துவிடுங்கள்.

கல்யாணத்துக்கு முன்னாடி நாமினியா அம்மா பேரைக் குடுத்திருக்கார். அத்தை எல்லாம் எனக்குத்தான்னு சொல்றாங்க.

ஒவ்வொரு தொகைக்கும் வழி வேறு. குடும்ப ஓய்வூதியத்துக்கு நாமினேஷனே பொருட்டல்ல. விதியில் சொன்ன வரிசைப்படி மனைவிக்கு, அவருக்குப் பின் பிள்ளைகளுக்கு. உயில் எழுதிக்கூட அதை மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. மனைவி இருக்கும்போது தாய்க்கு அதில் இடமில்லை. பணிக்கொடைக்குச் செல்லத்தக்க நாமினேஷன் இல்லையென்றால் மனைவி, மகன்கள், மணமாகாத மகள்கள், விதவை மகள்கள் ஆகியோருக்குச் சமமாகப் பிரியும். இவர்கள் யாரும் இல்லாதபோதுதான் பெற்றோர் வருவார்கள்.

ஆனால் விடுப்புச் சம்பளம், சம்பள நிலுவை போன்றவற்றுக்கு வாரிசுச் சான்றில் பெயருள்ள எல்லோருடைய சம்மதத்தையும் கேட்பார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தாய் முதல் வகுப்பு வாரிசு. ஆகவே அத்தையின் கையெழுத்து வேண்டும். அரூர் பக்கம் ஒரு வீட்டில் இந்தக் கையெழுத்துக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. மாமியாரும் மருமகளும் என் திண்ணையில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் பார்த்தால் அந்த அம்மாவுக்குப் பணம் வேண்டியிருக்கவில்லை. மருமகள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாள் என்ற பயம்தான். கையெழுத்துப் போட்டார். வக்கீலிடம் போகும் முன் இப்படி ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள்.

அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது இப்பத்தான் தெரிஞ்சுது. அவங்களுக்கும் பங்கு உண்டா?

இந்துக்களுக்கு முதல் மனைவி உயிரோடும் விவாகரத்து இல்லாமலும் இருக்கும்போது நடந்த இரண்டாம் திருமணம் 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லாது. அந்தப் பெண்ணுக்குக் குடும்ப ஓய்வூதியம் இல்லை. ஆனால் அவருக்குப் பிறந்த பிள்ளைகள் சட்டப்படியான பிள்ளைகளே. மேஜராகாத அந்தப் பிள்ளைகளுக்குக் குடும்ப ஓய்வூதியத்திலும், அதோடு பணிக்கொடையிலும் பங்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்தது. வாரிசுச் சான்றில் அந்தப் பிள்ளைகளை மறைத்து வாங்கினால் பிறகு எல்லாமே நின்றுபோகும். அப்படி நின்றுபோன வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அப்புறம் பிள்ளைங்களுக்கு எத்தனை வயசு வரைக்கும் வரும்?

மகனுக்கு 25 வயது, அல்லது திருமணம், அல்லது வேலை, எது முந்தியதோ அதுவரை. மணமாகாத, விதவையான, விவாகரத்தான மகளுக்கு வருமான வரம்புக்கு உட்பட்டு 25-க்குப் பிறகும் உண்டு. ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான், மூத்தவர் முடிந்து அடுத்தவர். சம்பாதிக்க முடியாத அளவுக்கு மாற்றுத்திறன் உள்ள பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க வரும். அப்படி ஒரு பிள்ளை இருந்தால் மருத்துவக் குழுச் சான்றை நீங்கள் இருக்கும்போதே வாங்கி, கொடுப்பாணையில் பெயரை ஏற்றிவிடுங்கள். பிற்பாடு சித்தப்பாவோ மாமாவோ இதற்காக அலைவார்கள் என்று நினைக்க வேண்டாம்.

நீங்கள் மறுமணம் செய்துகொண்டால் உங்களுக்கு நின்று, தகுதியுள்ள பிள்ளைகளுக்குப் போகும்.

நானும் டீச்சர்தான் சார். எனக்குச் சம்பளம் வர்றதால அவரோட குடும்பப் பென்ஷன் வராதா?

வரும். உங்கள் சம்பளம் உங்கள் உழைப்புக்கு, நாளை உங்கள் ஓய்வூதியமும் அப்படியே. அவருடைய குடும்ப ஓய்வூதியம் வேறு கணக்கு. நீங்கள் வேலையில் இருக்கும் காலத்தில் அகவிலைப்படியை இரண்டு இடத்திலும் வாங்கலாமா என்பதை மட்டும் கருவூலத்தில் கேட்டுத் தெளிவுபடுத்துங்கள். தெரியாமல் வாங்கிவிட்டால் மொத்தமாகப் பிடித்தம் செய்வார்கள்.

பேங்க்ல லோன், சொசைட்டில லோன், சீட்டுக்காரர் வேற வர்றார். எல்லாத்தையும் பணிக்கொடையில பிடிச்சுக்குவாங்களா?

அரசுக்கு வர வேண்டிய பாக்கியைப் பணிக்கொடையில் பிடிக்கலாம்: பண்டிகை முன்பணம், வீடு கட்டும் முன்பணம், கூடுதலாகக் கொடுத்துவிட்ட சம்பளம். வங்கிக்காரரோ சீட்டுக்காரரோ அலுவலகத்துக்கு வந்து கேட்டுப் பிடிக்க முடியாது. ஓய்வூதியத்தையும் பணிக்கொடையையும் வைப்பு நிதியையும் ஜப்தி செய்யச் சட்டம் இடம் தரவில்லை. பணம் உங்கள் கைக்கு வந்த பிறகு கடனை எப்படித் தீர்ப்பது என்பது உங்கள் பொறுப்பு. சொசைட்டிக் கடனுக்கு ஜாமீன் போட்ட சக ஆசிரியர் ஒருவர் இருப்பார். அவர் சம்பளத்தில் பிடிக்க ஆரம்பிப்பார்கள், அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சஸ்பென்ஷன்ல இருக்கும்போதே இறந்துட்டார். எல்லாம் போச்சா?

போகவில்லை. விசாரணை முடியும் முன் இறந்துவிட்டால் துறை நடவடிக்கை அவரோடு முடிந்துவிடும். தற்காலிகப் பணிநீக்கம் செய்த நாளிலிருந்து இறந்த நாள் வரை பணிக்காலமாகவே கருதி, பிழைப்பூதியம் போக மிச்சச் சம்பளத்தையும் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். அடிப்படை விதி 54-பி இதைச் சொல்கிறது. அந்தக் காலம் சேவையிலும் சேரும். எப்படி இறந்தார் என்பதும் குடும்ப ஓய்வூதியத்தைத் தடுக்காது. தற்கொலை என்றால் கிடைக்காது என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது, அது சரியல்ல.

60 முடிஞ்சு, கல்வியாண்டு முடியற வரைக்கும் மறுநியமனத்துல இருந்தார். அப்ப இறந்தா பணியில் இறந்ததா ஆகுமா?

ஆகாது. 60 வயது நிறைந்த மாதக் கடைசியில் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். மறுநியமனக் காலம் ஓய்வூதியச் சேவையில் சேராது. குடும்பத்துக்குக் கிடைப்பது ஓய்வு பெற்றவர் இறந்தால் கிடைக்கும் குடும்ப ஓய்வூதியம். கருணை வேலையும் இதில் வராது.

கருணை அடிப்படையில வேலை கேட்டா குடும்பப் பென்ஷனை நிறுத்திடுவாங்களா?

நிறுத்தமாட்டார்கள். இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும், அதுதான் முக்கியம். ஆசிரியர் பணியிடம் கேட்டால் கிடைக்காது. இளநிலை உதவியாளர் போன்ற இடங்கள்தான். குடும்பத்தில் யார் வேலைக்குப் போவது என்று முடிவு செய்து, மற்றவர்களிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்குங்கள். அண்ணன் தம்பிக்குள் இதில் விழும் விரிசல் பாகப்பிரிவினையில் விழுவதைவிடப் பெரிது.

இன்கம் டாக்ஸ் உண்டா?

பணிக்கொடைக்கு இல்லை. மாதக் குடும்ப ஓய்வூதியம் உங்கள் வருமானம்தான். அதில் மூன்றில் ஒரு பங்கோ, புதிய வரி முறையில் 25,000 ரூபாயோ (பழைய முறையில் 15,000), எது குறைவோ அதைக் கழித்துக்கொள்ளலாம்.

அவர் இறந்து 14 வருஷம் ஆச்சு. யாரும் சொல்லலை, நாங்களும் கேக்கலை. இப்ப போனா விரட்டிடுவாங்களா?

ஏரியூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா இதைக் கேட்டார். கணவர் இறந்த கொஞ்ச நாளில் வைப்பு நிதிப் பணம் மட்டும் வந்திருக்கிறது. அதுதான் எல்லாம் என்று நினைத்து, அதன் பிறகு கேழ்வரகுக் காட்டையே நம்பி மூன்று பிள்ளைகளை வளர்த்திருக்கிறார். குடும்ப ஓய்வூதிய உரிமை காலதாமதத்தால் அழியாது. இனி வரும் மாதங்களுக்கு நிச்சயம் கிடைக்கும். பின்தேதி நிலுவையில்தான் சிக்கல். நீதிமன்றத்துக்குப் போனால், வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுக்கான நிலுவையோடு நிறுத்திவிடுவது பொதுவான வழக்கம்.

முதலில் பணிப்பதிவேட்டைத் தேட வேண்டும். அது கிடைக்கவில்லை என்றால் சம்பளப் பட்டியல், பள்ளி வருகைப் பதிவேடு, வைப்பு நிதிக் கணக்குச் சீட்டு ஆகியவற்றை வைத்து நகல் பதிவேடு தயாரிக்கலாம். அந்த அம்மா விஷயத்தில் அலுவலகம் "பதிவேடு இல்லை" என்றுதான் முதலில் எழுதிக் கொடுத்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டோம். மூன்றாவது வாரம், மூடிய ஒரு பள்ளியின் இரும்பு அலமாரியிலிருந்து, கரையான் ஓரத்தை மட்டும் தின்ற நிலையில் பதிவேடு வந்தது. முதல் பக்கத்தில் அவருடைய பத்து விரல் ரேகையும் அப்படியே இருந்தது. அந்த அம்மா இப்போது ஒவ்வொரு வருடமும் நேர்காணலுக்குப் பென்னாகரம் சார்நிலைக் கருவூலத்துக்குப் போய் வருகிறார்.